ஜர்ரார் பேசுகிறேன்

குண்டு வெடித்தால் எங்கள் பன்னு நகரில் எல்லோரும் ஓடுவார்கள், நான் உட்கார்ந்துவிடுவேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடிக்கொண்டே போனில் பேசினால் மூச்சு வாங்கும், எதிர்ப்பக்கம் சொல்லும் பெயரைத் தப்பாக எழுதிவிடுவேன். ஒரு தடவை அப்படித்தான் ஓர் இயக்கம் வைத்த வெடியை இன்னோர் இயக்கத்துக்குத் தாரை வார்த்துவிட்டேன். வைத்தவர்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, பச்சைத் தேநீர் கொடுத்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் எழுதுகிற விரல் இருக்காது என்று மரியாதையாகச் சொன்னார்கள். தேநீர் நன்றாகவே இருந்தது.

பெஷாவரில் இருக்கும் ஓர் உருதுப் பத்திரிகைக்கு நான் நிருபர். ஒரு வெளிநாட்டு வானொலியின் பஷ்தோ பிரிவுக்கும் எடுபிடி. பன்னு பஜாரில் டயர் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு போன். எது வெடித்தாலும் சத்தம் முதலில் காதுக்கு வரும், புகை அடுத்து ஜன்னலுக்கு வரும், மூன்றாவதாக போன் வரும்.

காய்கறிச் சந்தையில் வெடித்த அன்றும் அப்படித்தான். நான் கீழே இறங்கிப் பார்த்தேன். வெங்காய மூட்டைகள் கிழிந்து, வெங்காயம் தெரு முழுக்க உருண்டுகிடந்தது. அதில் ஒன்றை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. கைக்காரரைக் காணவில்லை. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தன் கழுதையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. எனக்கு வாந்தி வந்தது, எடுத்தேன். பாதியில் போன் அடித்தது.

“ஜர்ரார் பேசுறேன். சந்தை எங்க வேலைதான். எழுதிக்கோ.”

“சந்தையில ராணுவமே இல்லையே.”

“எழுதிக்கோன்னா எழுதிக்கோ. காரணத்த அப்புறம் சொல்றேன்.”

ஜர்ரார் என்பது ஷம்ஷீர் இயக்கத்தின் பேச்சாளர். ஆளின் பெயரல்ல, பதவியின் பெயர். முதல் ஜர்ராரின் வீட்டு மேல் ஆளில்லா விமானம் ஒன்று குண்டு போட்டது. இரண்டாம் ஜர்ராரை அவருடைய ஆட்களே ஏதோ மனஸ்தாபத்தில் கிணற்றில் போட்டார்கள். குரல் மாறும், பெயர் மாறாது. நிருபர்களான நாங்களும் நாகரிகம் கருதி, தொண்டை சரியில்லையா என்றெல்லாம் கேட்பதில்லை.

ஆனால் மூன்றாம் ஜர்ராரின் குரல் எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். மீர்அலி உயர்நிலைப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீர்சலீம் அவன். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அவனும் கண்டுகொண்டான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமலே, யாரும் பக்கத்தில் இல்லாத நேரங்களில் ‘டா’ போட ஆரம்பித்தோம்.

அப்பா செத்தபோது மீர்சலீம் கைக்குழந்தை. அண்ணன் லால் மர்ஜான்தான் சப்லி கபாப் தட்டித் தட்டி அவனை வளர்த்தார். பத்தாம் வகுப்பில் இவன் பள்ளியை விட்டுவிட்டு, எல்லை தாண்டிக் கோவேறு கழுதையில் தோட்டாப் பெட்டி கொண்டுபோகும் வேலைக்குப் போனான். கழுதைக்குப் பின்னால் போனவன், அடுத்த குளிர்காலத்தில் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தான். அதற்கப்புறம் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பக்கத்துப் போர் ஓய்ந்தால் இந்தப் பக்கம், இந்தப் பக்கம் சமாதானம் பேசினால் அந்தப் பக்கம். ராணுவ வண்டிகள் திரும்புகிற வளைவில் மேலே பதுங்கியிருந்து, கடைசி வண்டியை முதலில் கொளுத்தி, மற்றவை திரும்ப வழியில்லாமல் நடுவில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சுட்டதை எனக்குக் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லியிருக்கிறான்.

சொல்லாதது ஒன்றும் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த தையல்காரரை உளவாளி என்று இயக்கம் முடிவு செய்தது. பேருந்து நிலையத்தில் முட்டிபோட வைத்து, வாயில் சுட்டார்கள். உளவு சொன்னவனுக்கு இதுதான் கதி என்ற சீட்டை அவருடைய சட்டையிலேயே இருந்த குண்டூசியால் நெஞ்சில் குத்தியிருந்தார்கள். சீட்டில் இருந்த கையெழுத்து பள்ளியில் பரிசு வாங்கியது. நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துதான் அவனுக்கு முதல் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது பதவி உயர்வை வாங்கிக் கொடுத்தது ஒரு விபத்து. வெடிபொருள் கட்டுகிற வீட்டில் ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொட்டது. கூட இருந்த மூன்று பேரைக் கூரையிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மீர்சலீமின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. இயக்கத் தலைவரான அமீர் அந்தக் கையைப் பார்த்தாராம். போன் பிடிக்க இது போதும் என்றாராம்.

ஷம்ஷீரில் வேலை முறை எளிமையானது: முதலில் உரிமை கோரு, பிறகு விசாரி. தாமதித்தால் எதிர்க் கூட்டமான லஷ்கர்காரர்கள் கோரிவிடுவார்கள். புதிதாகச் சேர வருகிற பையன்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தலில் சமையல் சிலிண்டர் வெடித்தபோது இரண்டு இயக்கமும் உரிமை கோரின; மாப்பிள்ளையின் மாமா எனக்குப் போன் செய்து, பிரியாணி மட்டும் தங்களுடையது என்று போடச் சொன்னார். கிரிட் ஸ்டேஷனில் மின்மாற்றி புகைந்ததற்கும் மீர்சலீம் பொறுப்பேற்றான். அது வருஷா வருஷம் புகையும்டா என்றேன். அப்ப வருஷா வருஷம் நாங்கதான் என்றான்.

இது எல்லாமே ‘முஜாஹிதீன்கள் செய்தார்கள்’ என்ற கணக்கில் போகும். முஜாஹிதீன்களுக்கு வீடு கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. பழி வாங்க நினைப்பவன் எந்தக் கதவைப் போய்த் தட்டுவான்? அதனால்தான் அந்த வியாபாரம் ஓடியது. மலிக் தர்வேஷ் விஷயத்தில் அது கெட்டது.

மலிக் தர்வேஷ் வசீர் இனத்தில் பெரிய மனிதர். அரசாங்கத்தோடும் பேசுவார், அமீரோடும் பேசுவார். ஒரு மத்தியானம் ஜிர்கா என்ற ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆற்றுப்படுகையில் அவருடைய காரை மறித்துச் சுட்டார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து பாதி வெளியே வந்த நிலையிலேயே செத்தார். மலிக்கின் தாடி முழுக்கக் கண்ணாடித் தூள். அவருடைய இளைய மகன் பின்சீட்டில், அப்பாவின் தலைப்பாகையை எடுத்துத் தன் வயிற்றில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தானாம்.

அது நடந்த நேரத்தில் மீர்சலீம் என்னோடு போனில் இருந்தான். கடைவாய்ப் பல் வலி. கிராம்பு எண்ணெயைப் பல்லில் வைப்பதா ஈறில் வைப்பதா என்று என்னைப் படுத்திக்கொண்டிருந்தான். ஆகவே அவன் சுடவில்லை என்பது உலகத்தில் எனக்கும் அந்தப் பல்லுக்கும்தான் நிச்சயமாகத் தெரியும்.

யார் சுட்டிருப்பார்கள் என்பதற்கு ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. மலிக்கின் பெரியப்பா மகன் கமர்தீனுக்கும் அவருக்கும் குரோமைட் சுரங்கத்தில் நெடுநாள் தகராறு. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களில் கமர்தீன்தான் முன்வரிசை. அழுதவர்களில் உரக்க, தின்றவர்களில் நிறைய.

அன்று சாயங்காலம் வானொலியில் நேரடி நிகழ்ச்சி. கிழவர்கள், லாரிக்காரர்கள், அடுப்படிப் பெண்கள் என்று மலை முழுக்க அதைக் கேட்கும். அமீர் உரிமை கோரச் சொல்லியிருந்தார். மீர்சலீம் வழக்கம்போல, துரோகி ஒருவனை முஜாஹிதீன்கள் தண்டித்தார்கள் என்றான். அங்கேயே வைத்திருக்கலாம். நிகழ்ச்சி நடத்துபவர் ஸர்மீனா என்ற பெண். கடல் கடந்த ஊரில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் பக்கத்து யூசுப்சாய் குலத்து ரத்தம்.

“ஜர்ரார் சாயிப், நீங்க சண்டைக்குப் போறதே இல்லையாமே? கம்பளிக்குள்ள உக்காந்து போன்ல மட்டும்தான் சுடுவீங்கன்னு இங்க நேயர் ஒருத்தர் சொல்றாரு.”

ஒரு பெண், ஊர் கேட்க, ஓர் ஆணைக் குத்திக் காட்டுவது. எங்கள் ஊரில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு, பேகோர். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மலையிலிருந்து குதித்தவர்கள் உண்டு. மீர்சலீமும் குதித்தான்.

“மலிக் தர்வேஷ நான் சுட்டேன்,” என்றான். “என்னோட இந்த இடது கையால. முகத்துக்கு நேரா நின்னு. மீர்அலி மீர்சலீம்னு ஊருக்கே தெரியும், போய்க் கேட்டுக்கோ.”

நான் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டேன். பதவியின் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிவிட்டான். இனி அந்த ரத்தத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். அண்ணனுக்குப் பன்னு பஜாரில், என் அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு கபாப் கடை இருக்கிறது.

மலிக்கின் மூத்த மகன் இக்லீம் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கினான். துக்க நாட்கள் முடியும்வரை கை கட்டியிருந்தார்கள். முடிந்ததும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது.

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். லால் மர்ஜான் உலர்ந்த மாதுளை விதை சேர்த்துக் கறியைத் தட்டி, வண்டிச் சக்கரம் அகலச் சட்டியில் கொதிக்கிற கொழுப்பில் வழுக்கி விட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் போர்த்தியிருந்த சாதரை விலக்கினான். முதல் வரிசைத் தோட்டா ரொட்டி வாங்க நின்ற ஒரு லாரி ஓட்டுநரின் கழுத்தைத் திறந்தது. அவர் ரொட்டியை விடாமலே உட்கார்ந்தார். இரண்டாவது சட்டியின் காலை உடைத்தது. கொழுப்பு மொத்தமும் லால் மர்ஜானின் கால்மேல் போனது. அவர் போட்ட சத்தத்தில் சுட்டவன் பயந்துவிட்டான் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரிசை பெயர்ப்பலகைக்குப் போனது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். மாவு டிரம்முக்குள். அதில் ஒரு ஆள் நுழைய முடியாது என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் லால் மர்ஜானின் முழங்காலுக்குக் கீழே தோல் காலுறை மாதிரி கழன்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“நக்கீபு, அவன் நெஜமாவே சுட்டானா?”

“இல்ல லாலா.”

“எனக்குத் தெரியும். இடது கையால அவனுக்குச் சோறே தின்ன வராது.”

ஊரை விட்டுப் போங்கள் லாலா என்றேன். எங்கே போவது என்றார். கராச்சிக்குப் போனால் அங்கே லாரி ஓட்டுவது முழுக்க வசீர்கள். கால் ஆறியதும் கடையைத் திறப்பேன், மூடினால் தம்பி சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்றார். திறந்தால் அடுத்த தடவை குறி தப்பாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

நான் இக்லீம் வீட்டுக்குப் போனேன். சமாதானத் தூதுக்கு ஏற்ற உருவம் இல்லை எனக்கு. போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து, வாசலில் இருந்த நாயைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது. இக்லீம் எழுந்து வந்து கை கொடுத்து, “களைச்சுப் போகாம இருங்க” என்று முறையாக வரவேற்றான். கறிக் குழம்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்ட சோபத் வந்தது. நல்ல எலும்புத் துண்டுகளைத் தேடித் தேடி என் பக்கம் தள்ளினான். தின்று முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கமர்தீனும் எங்களோடுதான் தின்றுகொண்டிருந்தார். அவர் பங்கு வழக்கம்போல.

கிராம்பு எண்ணெய்க் கதையை முழுதும் சொன்னேன். இக்லீம் சிரிக்கவில்லை.

“நம்புறேன் அண்ணே,” என்றான். “ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? மலை முழுக்கக் கேட்டுச்சு. எங்க அம்மா அடுப்படியில உக்காந்து கேட்டாங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்கப்பன சுட்டேன்னு சொன்னவனோட அண்ணன் கபாப் விக்கிறான், நீ வாங்கித் தின்னுன்னு சொல்லுவான். அவன் எங்க சொன்னானோ அங்கயே வந்து, அதே வாயால இல்லன்னு சொல்லட்டும். அப்ப லால் மர்ஜான் காக்கா எனக்குப் பெரியவரு. இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.”

கமர்தீன் கையைத் துடைத்துக்கொண்டு, போராளிகள் சொன்ன சொல்லை மாற்றமாட்டார்கள், நேரத்தை வீணாக்காதே என்று பெருந்தன்மையாக இடையில் புகுந்தார்.

அதே வானொலியில் அதே வாயால். ஷம்ஷீரில் அதற்குத் தண்டனை என்னவென்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேச்சாளர் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால் அவர் சொன்ன எல்லா வெடியும் சந்தேகத்துக்குப் போகும். மீர்சலீமிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். லாலாவோட கால் எவ்வளவு தூரம் வெந்திருக்கு என்று கேட்டான். முழங்கால் வரைக்கும் என்றேன். வைத்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் என் அறைக்கு நீல புர்கா போட்ட ஒரு பெண் ஏறி வந்தாள். மாடிப்படியில் டயர் கடைக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வழி விட்டார். என் மனைவிக்கு இந்தச் சேதி எத்தனை நிமிஷத்தில் போகும் என்று கணக்குப் போட்டேன். புர்காவுக்குள்ளிருந்து தாடி வந்தது.

“சிரிச்சேன்னா சுட்டுடுவேன்,” என்றான் மீர்சலீம்.

சிரித்தேன். அவனும் சிரித்தான். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலை நரைத்திருந்தது. வலது கையில் அந்த இரண்டு விரலும் நண்டு மாதிரி இருந்தன. தேநீரை இடது கையால் எடுத்துச் சிந்தினான்.

“பயமா இருக்காடா?” என்று கேட்டேன்.

“எத்தனை பேர முட்டிபோட வச்சிருக்கேன். அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் நெனச்சதே இல்ல. இப்ப ரெண்டு வாரமா வேற எதுவுமே நெனைக்கல.” நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவினான். “அந்தத் தையல்காரரு சாவறதுக்கு முன்னால என்ன கேட்டாரு தெரியுமா? உன் சட்டைக்குக் கை நீளம் போதுமான்னு. பழக்கதோஷம்.”

நான் வானொலிக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்தேன். ஸர்மீனா நேரடியாக எடுத்தாள்.

“ஜர்ரார் இல்ல, மீர்சலீம் பேசுறேன்,” என்றான். “மலிக் தர்வேஷ நான் சுடல. விரல் போனதுக்கப்புறம் நான் யாரையும் சுட்டதில்ல. அன்னிக்குப் பல்லு வலியில படுத்துக் கெடந்தேன். நீ குத்திக் காட்டினே, பொய் சொன்னேன். எங்க அண்ணன் மேல எந்த ரத்தமும் இல்ல.” நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. “காய்கறிச் சந்தையும் நாங்க இல்ல. யாருன்னு எனக்குத் தெரியாது. கல்யாணப் பந்தல் வெறும் சிலிண்டர். மின்மாத்தி தானா புகைஞ்சுது. தையல்காரன் மட்டும் நான்தான். அது என் கை, வலது கை.”



புர்காவை என் ஆணியில் மாட்டினான். போட்டுக்கொண்டு போடா என்றேன். அண்ணனிடம் பெண் வேஷத்திலா போய் நிற்பது என்றான். இறங்கிக் கடைக்கு நடந்தான்; நான் பின்னால், தள்ளி. கால் ஆறும்வரை பொறுக்காமல் கடையைத் திறந்துவிட்ட லால் மர்ஜான், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, கறி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கபாபை எடுத்து, ரொட்டியில் வைத்து, சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, இடது கையால் எடுக்கத் தோதாகத் தட்டின் இந்தப் பக்கம் ஒதுக்கி நீட்டினார். மீர்சலீம் நின்றபடியே முழுவதையும் தின்றான். தாடியெல்லாம் கொழுப்பு.

அமீரின் ஆட்கள் அவன் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். கால்வாய்ப் பாலத்தில் வைத்து இரண்டு பேர் அவனுடைய கையைப் பிடித்தார்கள். முட்டிபோடச் சொன்னார்கள். போட்டான். வாயில் சுட்டார்கள். அவன் விழுந்த பிறகும் ஒருவன் குனிந்து இன்னும் இரண்டு தடவை சுட்டான், போனை மிதித்து உடைத்தான். நெஞ்சில் சீட்டுக் குத்தினார்கள். கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருந்தது. நான் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒளிய டிரம் எதுவும் இல்லை.

தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொள்ள லால் மர்ஜான் அந்தக் காலோடு தவழ்ந்து வந்தார்.

அறைக்குத் திரும்பியபோது போன் அடித்தது. இளம் குரல், இன்னும் சரியாக உடையக்கூட இல்லை.

“ஜர்ரார் பேசுறேன். கால்வாய்ப் பாலம் எங்க வேலைதான். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் லஷ்கர்காரர்கள் கூப்பிட்டார்கள். பாலத்தில் கொன்றது தாங்கள்தான் என்றார்கள். மீர்சலீம் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நான் போனை மேசையில் வைத்துவிட்டு ஆணியில் தொங்கிய புர்காவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அடித்தது. இக்லீம்.

“அண்ணே, பாலத்துல நடந்தது நாங்க செய்யல. அத உங்க பேப்பர்ல போடுங்க. லால் மர்ஜான் காக்காகிட்டயும் சொல்லுங்க, நாளைக்கு மண்ணு போட நாங்க நாலு பேரு வரோம்.”

இத்தனை வருஷத்தில் ‘நாங்கள் செய்யவில்லை’ என்று சொல்ல ஒருவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை.

அவர்கள் வந்தார்கள். இக்லீம் தன் கையால் மண் போட்டான், லால் மர்ஜானைத் தாங்கி நடத்திக் கொண்டுபோனான். வந்தவர்கள் நாலு பேர்தான். கமர்தீன் அவர்களில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரை அவருடைய சுரங்கத்தின் வாயிலிலேயே கண்டெடுத்தார்கள். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அன்று முழுக்க இரண்டு போனையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜர்ரார் பேசவில்லை, லஷ்கர் பேசவில்லை. நாங்கள் செய்யவில்லை என்று சொல்ல இக்லீமும் கூப்பிடவில்லை. அந்தச் சாவுக்கு உரிமை கேட்டு யாரும் வரவில்லை.